தாத்தாவின் கடிகாரமும் ஓர் இலவச எடிட்டரும்

தாத்தாவுக்கு 81 வயது. கடிகாரம் பழுதுபார்க்கும் வேலையை விட்டு 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. போன மாதம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனபோது, "கழற்றிப் பார்க்கிறேன், வேண்டுமானால் நீ படம் பிடித்துக்கொள் கண்ணு" என்று அவராகவே சொன்னார். ஊசல், ஸ்பிரிங், பித்தளைச் சக்கரங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் வரிசையாக வைத்தார். எது எதற்காக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்று மாலைகள் நடந்தது. நான் ஒரு போனில் எடுத்தேன், தம்பி இன்னொரு போனில். கடைசியில் கையில் இருந்தவை 43 கிளிப்புகள். மொத்தம் 1 மணி 50 நிமிடம், ஏறக்குறைய 14 ஜிபி.

இதிலிருந்து 14 நிமிடத்துக்கு ஒரு வீடியோ செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். தேவையானவை மிகக் குறைவு. வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும். தாத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைகளைக் காட்ட வேண்டும். பாகங்களின் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும். குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். என் லேப்டாப் பழையது. 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பணம் கொடுத்து மென்பொருள் வாங்கும் எண்ணம் இல்லை.

முதலில் நான் எடுத்த எடிட்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தேடியபோது மேலே வந்தது, 'இலவசம்' என்று பெரிதாகப் போட்டிருந்தது, திறந்ததும் பார்க்க அழகாக இருந்தது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து முதல் ஐந்து நிமிடத்தைச் செதுக்கிவிட்டு முடித்ததை வீடியோ கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினேன். படத்தின் நடுவில் அந்த மென்பொருளின் பெயர் வாட்டர்மார்க்காக வந்து உட்கார்ந்துகொண்டது. சக்கரத்தைக் காட்டும் தாத்தாவின் விரல்கள் மேலேயே அந்த எழுத்து. பணம் கட்டினால்தான் போகும். சரி, வேறு எடிட்டருக்கு மாறிவிடலாம் என்றால், நான் செய்த வெட்டு, ஒட்டு எல்லாம் பதிந்திருக்கும் அந்த ப்ராஜெக்ட் கோப்பு வேறு எதிலும் திறக்காது. இரண்டு இரவு வேலையும் போனது.

அன்றிலிருந்து எந்த எடிட்டரை நிறுவினாலும் முதல் 15 நிமிடத்தில் ஒரே ஒரு சோதனையைச் செய்கிறேன். 30 விநாடி அளவுக்கு ஒரு கிளிப்பைப் போட்டு, நடுவில் ஒரு வெட்டு, மேலே ஒரு தமிழ் வரி, குரலில் கொஞ்சம் ஏற்றம், உடனே எக்ஸ்போர்ட். வந்த கோப்பை வேறு ஒரு கருவியில் ஓட்டிப் பார்ப்பேன். அப்புறம் ப்ராஜெக்டைச் சேமித்து, மூடி, மறுபடி திறப்பேன். எத்தனை எஃபெக்ட் இருக்கிறது, ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாற எத்தனை டிரான்சிஷன் இருக்கிறது என்று ஒப்பிடும் பட்டியல்களை நான் இப்போது படிப்பதே இல்லை. சின்ன வேலைக்கு அவை எதையும் முடிவு செய்வதில்லை. வெளியே வருமா, எப்படி வரும், நாளைக்கும் திறக்குமா என்பதுதான் முடிவு செய்கிறது.

'இலவசம்' என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு விஷயங்கள் இருப்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில எடிட்டர்கள் உள்ளே நுழைய இலவசம், வெளியே வரக் காசு. சில, ஒரு பெரிய மென்பொருளின் சிறிய பதிப்பு. வரம்பு எங்கே என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது வகை கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் பார்க்கலாம், மாற்றலாம். இதற்குத் தமிழில் 'கட்டற்ற' என்று தனியாக ஒரு சொல் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். விலை இல்லை என்பதும் கட்டு இல்லை என்பதும் ஒன்று கிடையாது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் டாவின்சி ரிசால்வ். வண்ணத் திருத்தக் கருவிகளுக்குப் பேர்போன டாவின்சியை பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009-இல் வாங்கியது. இன்றைய இலவசப் பதிப்பில் சாதாரண வெட்டு, ஒட்டு வேலைக்கு வாட்டர்மார்க் கிடையாது. 3840 x 2160 அளவு வரை, விநாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். சின்ன வேலைக்கு அந்த வரம்பு ஒரு வரம்பே இல்லை. ஆனால் குறைந்தது 16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் அதற்கு வேண்டும். என் லேப்டாப் அந்தக் கணக்கில் வராது. லினக்ஸில் ஓட்ட நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: போன்கள் பதிவு செய்யும் எச்.264 என்ற வடிவ வீடியோவை லினக்ஸுக்கான இலவசப் பதிப்பு நேரடியாகத் திறக்காது. முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். வண்ணத்தில் உண்மையான ஆர்வமும் வலுவான கணினியும் இருப்பவர்களிடம் அதைத்தான் பரிந்துரைப்பேன். எனக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கட்டற்ற எடிட்டர்களில் மூன்றைப் பார்த்தேன்: கேடென்லைவ், ஷாட்கட், ஓபன்ஷாட். கேடென்லைவ் 2002-இல் தொடங்கியது, கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் பிள்ளை. ஓபன்ஷாட் 2008-இல் தொடங்கியது. மூன்றிலும் முகம் எளிமையானது அதுதான், நான்கைந்து கிளிப்பை ஒட்டி ஒரு தலைப்புப் போட அது போதும். கேடென்லைவும் ஷாட்கட்டும் எம்எல்டி என்ற ஒரே மென்பொருள் இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டவை. மூன்றுமே வீடியோவைப் படிக்கவும் எழுதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருளைத்தான் நம்பியிருக்கின்றன. 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம் அது. அதனால் 'எதில் படம் தெளிவாக வரும்' என்ற கவலை வேண்டாம். ஒரே அமைப்பைக் கொடுத்தால் படத்தின் தரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது.

எடிட்டரைத் திறப்பதற்கு முன்னால் 1 மணி 50 நிமிடத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. தாத்தா திருகு தேடிய நேரம், தண்ணீர் குடித்த நேரம், தொலைபேசி ஒலித்த நேரம் எல்லாம் வேண்டாம். அதற்கு லாஸ்லெஸ்கட் என்ற சின்ன மென்பொருளைப் பயன்படுத்தினேன். இதுவும் கட்டற்றதுதான். வீடியோவை மறுபடி சுருக்கி எழுதாமல் (என்கோட் செய்யாமல்), இருப்பதை இருந்தபடியே துண்டாக எடுத்துக் கொடுக்கும். அதனால் தரம் துளியும் குறையாது, 2 ஜிபி கோப்பு என்றாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரே ஒரு விஷயம், வெட்டு நாம் சொன்ன ஃபிரேமில் விழாமல் அதற்கு முன்னால் உள்ள கீஃபிரேமில், அதாவது முழுதாகப் பதிவான ஃபிரேமில், விழும். போன் வீடியோவில் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு கீஃபிரேம் இருக்கும், ஆகவே தொடக்கத்தில் அரை விநாடி, ஒரு விநாடி கூடுதலாக வரும். அதைப் பின்னால் எடிட்டரில் நறுக்கிக்கொண்டேன். இப்படி 110 நிமிடம் 38 நிமிடமானது. வெறும் நறுக்கல்தான் உங்கள் வேலை என்றால், இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எடிட்டரே தேவையில்லை.

அடுத்து வந்ததுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. தாத்தா கடிகாரத்தை மறுபடி பூட்டி ஓடவிட்ட அந்தக் கிளிப் 22 நிமிட நீளம். ஒரு எடிட்டரில் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் ஊசல் ஒரு பக்கம் போய்ச் சேரும்போது சரியாக 'டிக்' கேட்டது. கடைசியில் ஊசல் போய்ச் சேர்ந்து திரும்பிய பிறகு கேட்டது. பேசும் உதட்டில் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். ஊசல் மாட்டிக்கொடுத்துவிட்டது.

காரணம், போன்கள் ஃபிரேம்களைச் சீரான இடைவெளியில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன. விநாடிக்கு 30 என்று அமைப்பில் இருந்தாலும் ஓர் இடத்தில் 30, ஓர் இடத்தில் 24 என்று வரும். எடிட்டரோ எல்லாம் 30 என்று எண்ணி அடுக்குகிறது. ஒலி தன் வேகத்தில் போகிறது, படம் முந்திக்கொள்கிறது. ஷாட்கட்டில் இப்படிப்பட்ட கிளிப்பைத் திறந்தால் அதுவே கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றதாக மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். கேடென்லைவும் எச்சரிக்கும். வேறு எடிட்டர் வைத்திருப்பவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கிளிப்பைக் கொடுத்து, ஃபிரேம் ரேட்டை 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு பல மடங்கு வீங்கும். நான் நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன், ஹார்டு டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொண்டு. மாற்றிய பிறகு 22-ஆவது நிமிடத்திலும் ஊசலும் 'டிக்'கும் சேர்ந்தே வந்தன.

தமிழ் எழுத்தைப் பற்றி நம் ஆட்கள் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். தலைப்பு எழுதும்போது எல்லா எடிட்டரும் நம் எழுத்தைச் சரியாகக் கோப்பதில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். அல்லது கொம்பு, கால் எல்லாம் புள்ளி வட்டத்தோடு தனித்தனியாக நிற்கும். இதனாலேயே யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்க எழுத்துருக்களில் அடித்து ஒட்டும் வழக்கம் வீடியோ வேலை செய்பவர்களிடம் இன்னும் இருக்கிறது. நான் சோதனைக்கு வைத்திருக்கும் வரி 'பொறுமையோடு கௌரி ஸ்ரீ கொடுக்கிறோம்'. பொருள் இல்லாத வரிதான். ஆனால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், ஔகாரம், ஸ்ரீ எல்லாம் அதில் வந்துவிடும். கேடென்லைவிலும் ஷாட்கட்டிலும் அந்த வரி பிசகாமல் வந்தது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தேன்; அதன் உரிமமும் கட்டற்றது. ப்ராஜெக்டை வேறு கணினியில் திறப்பதாக இருந்தால் அதே எழுத்துரு அங்கேயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஏதோ ஓர் எழுத்துரு வந்து, பார்த்துப் பார்த்து வைத்த வரி இரண்டாக உடையும்.

கடைசியில் ஷாட்கட்டோடு தங்கிவிட்டேன். கேடென்லைவ் எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. உண்மையில் அதில்தான் வசதிகள் அதிகம். பேச்சைக் கேட்டு சப்டைட்டில் எழுதிக்கொடுக்கும் வசதி வரை இருக்கிறது. இது ஒரு மணி நேரப் படமாக இருந்தால் அங்கேதான் போயிருப்பேன். 14 நிமிடத்துக்கு, திறந்தால் உடனே வேலை செய்யும்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. எஸ் விசையை அழுத்தினால் வெட்டு. எக்ஸ் விசையை அழுத்தினால் அந்தத் துண்டு நீங்கி இடைவெளியும் மூடிக்கொள்ளும். ஜே, கே, எல் மூன்றும் பின்னால் ஓட்ட, நிறுத்த, முன்னால் ஓட்ட. இந்த ஐந்து விசைகளில் முக்கால்வாசி வேலை முடிந்தது. முதல் நாள் குழப்பும் ஓர் இடம் இருக்கிறது: ஷாட்கட்டில் எழுத்துகூட ஒரு ஃபில்டர்தான். தலைப்புக்கென்று தனிப் பொத்தானைத் தேடாமல் ஃபில்டர் பட்டியலில் தேடுங்கள்.

8 ஜிபி ரேமில், கிளிப்புகளை அடுக்கும் டைம்லைன் திக்கியது. அமைப்புகளில் ப்ராக்ஸியை இயக்கியதும் சரியானது. ஒவ்வொரு கிளிப்புக்கும் 540 வரிகள் கொண்ட சிறிய நகலை அதுவே செய்து வைத்துக்கொண்டு, எடிட் செய்யும்போது அதைக் காட்டுகிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பிலிருந்து எடுக்கிறது. கேடென்லைவிலும் இது உண்டு. பழைய கணினி வைத்திருப்பவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் ப்ராக்ஸி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தம்பி பாதி கிளிப்புகளைப் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தான். "பக்கவாட்டில் கறுப்பாக விட்டுவிடு அக்கா, என்ன இப்போ" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷாட்கட்டில் 'ப்ளர்: பேட்' என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதே படத்தை மங்கலாக்கி இரு பக்கமும் நிரப்பும். கேடென்லைவில் அதற்குப் பெயர் 'பில்லர் எக்கோ'. அப்படியும் முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆகவே அவன் எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கைகள் மட்டும் தெரியும்படி பெரிதாக்கிக்கொண்டேன். தாத்தாவின் குரல் என் போனில் இருந்து, கைகள் தம்பியின் போனில் இருந்து. குரல் தொடரும்போதே படம் மாறுவதுதான் இந்த வீடியோவில் எனக்கு மிகப் பிடித்த இடங்கள். அதற்கு வேண்டியது மேலே இன்னொரு வீடியோ டிராக், அவ்வளவுதான். டிரான்சிஷன் ஒன்றுகூடப் போடவில்லை.

ஒலிக்கு அதிக நேரம் கொடுத்தேன். மின்விசிறி இரைச்சல் மூன்று நாளும் இருந்தது. இரைச்சல் நீக்கும் கருவியில், யாரும் பேசாத இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்தேன். இரைச்சல் போனது, கூடவே கடிகாரத்தின் 'டிக்'கும் சிதைந்து போனது. யாரும் பேசாத அந்த இரண்டு விநாடியில் கடிகாரம் பேசிக்கொண்டுதானே இருந்தது! எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டு, ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழே உள்ள உறுமல் மட்டும் நீங்கியது, தாத்தாவின் குரலுக்கும் 'டிக்'குக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் காற்றுச் சத்தம் இன்னும் கேட்கிறது. கேட்கட்டும், அந்த அறையின் சத்தம் அது.

நடுவில் ஒருநாள் ஃபோல்டரின் பெயரை ஒழுங்காக மாற்றிவைத்தேன். அடுத்த முறை ப்ராஜெக்டைத் திறந்தால் கோப்புகளைக் காணவில்லை என்று வந்தது. எடிட்டர் வீடியோவை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் முகவரியை மட்டும்தான் எழுதி வைத்துக்கொள்கிறது. ஷாட்கட்டின் ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் உரை, யாரும் திறந்து படிக்கக்கூடிய எழுத்துதான். குறிப்பெழுதும் செயலியில் திறந்து, பழைய ஃபோல்டர் பெயரைத் தேடிப் புதிய பெயரைப் போட்டேன், இரண்டு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. முதல் எடிட்டரில் இரண்டு இரவு வேலையைத் தொலைத்தவளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது வீடியோ, ஒலி, ப்ராஜெக்ட் கோப்பு, எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, அதை அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்கிறேன்.

மேக் வைத்திருப்பவர்கள் இவ்வளவு தேட வேண்டாம். ஐமூவி கூடவே வருகிறது. இரண்டு அடுக்கு வீடியோ போதும் என்றால் அதைவிட எளிது இல்லை. விண்டோஸ் 11-இல் க்ளிப்சாம்ப் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2021-இல் வாங்கியது, இலவசமாகவே 1080 வரிகள் கொண்ட படம் வரை வாட்டர்மார்க் இல்லாமல் தரும், கணக்கில் உள்நுழைய வேண்டும். எதை இறக்கினாலும் அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் இறக்குங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் வேறு எதையாவது சேர்த்து நிறுவிவிடலாம்.

எக்ஸ்போர்ட் என் லேப்டாப்பில் 40 நிமிடம் ஓடியது. எச்.264, எம்பி4, 1080, விநாடிக்கு 30 ஃபிரேம். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தார். 'டிக்' கேட்டபோது தலையை லேசாக ஆட்டினார். முடிந்ததும், "நன்றாக இருக்கிறது கண்ணு. ஆனால் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்னால் அதன் விசையை மெல்ல இறக்கிவிட்டேனே, அதை ஏன் எடுத்துவிட்டாய்? அதைச் செய்யாமல் கழற்றினால் கையைக் கிழித்துவிடும். பார்க்கிறவன் எவனாவது அப்படியே கழற்றிவிடுவான்" என்றார்.

நீளம் என்று நான் வெட்டிய துண்டு அது. மூலக் கோப்பு ஃபோல்டரில்தான் இருக்கிறது. ப்ராஜெக்டைத் திறந்தேன், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. 50 விநாடியைச் சேர்த்தேன், மேலே 'முதலில் விசையை இறக்கவும்' என்று எழுதினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்போர்ட் 63 சதவீதத்தில் இருக்கிறது.